ரேங்க் கார்டுல ஒரு கையெழுத்து

ஜூன் மாசம் அக்கா பையனை ஒன்பதாம் கிளாஸ்ல சேர்க்க பாளையங்கோட்டைக்குப் போயிருந்தேன். அத்தான் துபாய்ல இருக்காங்க, அதனால கார்டியன் கையெழுத்து நான்தான் போடணும். ஆபீஸ்ல ஒரு பேப்பர் கொடுத்தாங்க, முடி எப்படி வெட்டணும், செல்போன் கொண்டு வரக்கூடாது, அசெம்பிளிக்கு லேட்டா வரக்கூடாதுன்னு வரிசையா இருந்துச்சு, கடைசி வரி மட்டும் தடிச்ச எழுத்துல: ஒழுங்கீனம் தெரிந்தால் முன்னறிவிப்பின்றி டி.சி. வழங்கப்படும். அதைப் படிச்சதும் பேனாவை மூடி வச்சுட்டேன்.

நான் படிச்சதும் இந்தப் பக்கத்துல ஒரு மிஷன் ஸ்கூல்தான், பேர் வேண்டாம். 1997ல நான் ஒன்பது 'பி'. பக்கத்துல உக்கார்ந்திருந்தவன் கிராமத்துல இருந்து பஸ்ல வர்றவன், கணக்குல என்னை விடக் கெட்டிக்காரன். அவங்க அப்பா கேரளாவுல டீக்கடையில வேலை பார்த்தாங்க, வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் ஊருக்கு வருவாங்க, அம்மாவுக்குக் கையெழுத்து போடத் தெரியாது, கைநாட்டு வச்சா கிளாஸ்ல பசங்க சிரிப்பாங்கன்னு இவனே ரேங்க் கார்டுல அப்பா கையெழுத்தைப் போட்டுட்டு வந்தான். மார்க்கை மறைக்க இல்ல, நாலாவது ரேங்க்! அரைப்பரீட்சை முடிஞ்சு அது பிடிபட்டுச்சு. அசெம்பிளில மேடையில நிக்க வச்சாங்க, பிரம்படி, அடுத்த நாள் டி.சி. ஏன் போட்டேன்னு யாருமே கேக்கல. எனக்குக் காரணம் தெரியும். கிளாஸ் டீச்சர் "உனக்கு முன்னாடியே தெரியுமால"ன்னு கேட்டப்ப தெரியாது சார்னுட்டேன். அவன் அதோட படிப்பை விட்டுட்டு அப்பா கூடவே கேரளாவுக்குப் போயிட்டான். இன்னைக்கு வரைக்கும் எனக்கு அது ஆறல.

எங்க ஊர்ல இந்து, முஸ்லிம் வீட்டுப் பிள்ளைங்களையும் கிறிஸ்டியன் ஸ்கூல்ல போடுறதுக்கு முதல் காரணம் "டிசிப்ளின் இருக்கும்"ங்கறதுதான். 1820ல ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்த காலத்துல இருந்து இந்த ஊருக்கு மிஷன் பள்ளிக்கூடம் கொடுத்தது ரொம்பப் பெருசு, அதை நான் மறுக்கவே மாட்டேன், எங்க அம்மா படிச்சதே அதனாலதான். ஆனா டிசிப்ளின்னா பயம்னு எப்ப ஆச்சு?

அடிக்கும்போது பைபிள்ல நீதிமொழிகள்ல வர்ற பிரம்பு வசனத்தைச் சொல்லுவாங்க. அதே ஸ்கூல்ல தினமும் காலைல கடவுளை ஆடு மேய்க்கிறவரா நினைச்சுப் பாடுற 23ஆம் சங்கீதம் சொல்ல வைப்பாங்க, "உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும்"னு. எங்க பக்கம் கிடை போடுற கீதாரி கையில இருக்கிற கம்பைப் பார்த்திருக்கேன், ஆட்டுக்குக் கொப்பை வளைச்சுக் கொடுக்கவும், நாய் நரி வந்தா விரட்டவும்தான் பெரும்பாலும் அது. வழி தவறுன ஆட்டைத் தேடிப் போறவரு, கிடையை விட்டு நீ வெளிய போன்னு துரத்துறவரு இல்ல. கத்தோலிக்கர்ல, ஏழைப் பசங்களுக்காகவே உழைச்ச இத்தாலி பாதிரியார் டான் பாஸ்கோ 1877லயே அறிவு, சமயம், அன்பு இந்த மூணையும் வச்சுதான் பிள்ளைங்களை வளர்க்கணும், தப்பு நடக்குறதுக்கு முன்னாடியே கூட இருக்கணும்னு எழுதிட்டாரு. அதனால இது வெளிய இருந்து யாரோ வந்து சொல்ற புதுக் கருத்து இல்ல.

சட்டத்தையும் சொல்லிடுறேன், நிறைய பெத்தவங்களுக்குத் தெரியல. 2009 கல்வி உரிமைச் சட்டத்துல 16வது பிரிவு, எட்டாவது முடிக்கிற வரைக்கும் பிள்ளையை ஸ்கூல்ல இருந்து நீக்கக் கூடாதுங்குது, 17வது பிரிவு அடிக்கவோ மனசை நோகடிக்கவோ கூடாதுங்குது. ஆனா 2014ல பிரமதி வழக்குல சுப்ரீம் கோர்ட் மிஷன் ஸ்கூல் மாதிரி சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாதுன்னு தீர்ப்பு சொல்லிருச்சு. அதுக்காக அடிக்கலாம்னு அர்த்தம் இல்ல, தமிழ்நாடு கல்வி விதிகள்ல 51வது விதி இருக்கு, 2015 சிறார் நீதிச் சட்டத்துல 75வது பிரிவு இருக்கு. பிரம்பு இப்ப குறைஞ்சிருக்கு, அது உண்மை. அந்த இடத்துல டி.சி. பயம் வந்து உக்கார்ந்திருக்கு, என் நண்பன் மாதிரி ஒன்பதாம் கிளாஸ் பையனுக்கு அந்த 16வது பிரிவும் கிடையாது. பிள்ளைங்க பள்ளிக்கல்வி உதவி எண் 14417க்கோ குழந்தைகள் உதவி எண் 1098க்கோ போன் பண்ணலாம், நம்பரை வீட்டுல எழுதி ஒட்டுங்க.

எங்க ஸ்கூல்லயே போர்டிங் வார்டன் ஒருத்தர் இருந்தாரு. சுவர் ஏறிக் குதிச்சு சினிமாவுக்குப் போயிட்டு வந்தவனைப் பிடிச்சா முதல் கேள்வி "சாப்ட்டியால?" சாப்பாடு போட்டுட்டுத்தான் விசாரணை, ஒரு வாரம் தோட்டத்துக்குத் தண்ணி ஊத்தணும், அவரும் கூட நின்னு ஊத்துவாரு. அவர்கிட்ட யாரும் பொய் சொன்னதில்ல.

ஹெச்.எம். ரூமுக்குப் போயி அந்தக் கடைசி வரியைக் காட்டினேன். "எல்லாருக்கும் ஒரே ஃபார்ம்தான் சார், மாத்த முடியாது"ன்னாங்க, மரியாதையாத்தான் சொன்னாங்க. சரின்னு அந்த வரிக்குக் கீழ பேனாவுல எழுதினேன்: பையன் எந்தத் தப்பு பண்ணாலும் முதல்ல ஏன்னு அவன்கிட்ட கேளுங்க, அப்புறம் எனக்கு போன் பண்ணுங்க, ராத்திரியா இருந்தாலும் வர்றேன். நம்பரையும் போட்டு, அதுக்கு அப்புறம்தான் கையெழுத்து போட்டேன். ஹெச்.எம். அதை ரெண்டு தடவை படிச்சுட்டு ஃபைல்ல வச்சாங்க.