தொட்டியில் முக்கால்

2018 நவம்பர் 11, ஞாயிறு

வங்கக்கடலில் இருந்த தாழ்வு மண்டலம் புயலாகிவிட்டது, பெயர் கஜா. கடலூருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் இடையில் கரை கடக்கும் என்று செய்தியில் சொன்னதும், வேதாரண்யம் பக்கம் இல்லை என்று அப்பா தொலைக்காட்சியை அணைத்துவிட்டுத் தோப்புக்குப் போய்விட்டார்.

நவம்பர் 13, செவ்வாய்

பாதை தெற்கே இறங்குகிறது. இப்போது கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையில் என்கிறார்கள். அப்பாவுக்கு இந்த வரைபடங்களில் நம்பிக்கை கிடையாது. நாகைத் துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டார்.

நவம்பர் 14, புதன்

2016-இல் நடா புயலுக்கும் இப்படித்தான் அரிசி மூட்டைகளைப் பள்ளிக்குத் தூக்கினோம், அது கரைக்கு வரும் முன்பே வலுவிழந்து தூறலாகப் போய்விட்டது என்று ஊரில் பாதிப் பேர் சிரிக்கிறார்கள். சிரித்துக்கொண்டே வேலையும் செய்கிறார்கள் என்பதால் எனக்குக் கோபம் வரவில்லை. நிறைமாதக் கர்ப்பிணிகள் இருவரைக் கிராம செவிலியர் வந்து மருத்துவமனைக்கு அழைத்துப் போய்விட்டார். படகுகள் மேட்டுக்கு ஏறிவிட்டன. மரம் அறுக்கும் இயந்திரம், மணல் மூட்டை, மண்ணெண்ணெய், பால் பவுடர் எல்லாம் தலைமையாசிரியர் அறையில் இருக்கின்றன. அப்பா வீட்டை ஒட்டிய நான்கு தென்னைகளில் பழுத்த மட்டைகளைக் கழித்து, தேங்காய்களையும் இறக்கிவிட்டார். தலைப்பாரம் குறைந்தால் மரம் காற்றுக்குத் தாங்கும் என்பது அவர் கணக்கு. மற்ற மரங்களுக்கு ஆள் கிடைக்கவில்லை.

குடிநீர்த் தொட்டியை நிரப்பி வைக்க வேண்டும் என்று பட்டியலில் எழுதியது நான்தான்.

நவம்பர் 15, வியாழன்

விடுமுறை. மாலைக்குள் இருநூறு பேருக்கு மேல் பள்ளிக்கு வந்துவிட்டார்கள். ஒரு பாட்டி குடும்ப அட்டையையும் பட்டாவையும் பாலிதீன் பையில் சுற்றித் தூக்குவாளிக்குள் வைத்து, மேலே அரிசியைக் கொட்டி மூடி எடுத்து வந்திருந்தார். சுனாமியில் போனது இந்தக் காகிதங்கள்தான், மறுபடி வாங்க இரண்டு வருடம் அலைந்தேன் என்றார்.

முன்னெச்சரிக்கையாக மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். மோட்டார் பாதியில் நின்றது. தொட்டியில் முக்கால்.

1952 புயலையும் 1977 புயலையும் பார்த்த பெரியவர் ஒருவர் இருட்டில் ஒவ்வொரு வகுப்பறையாகப் போய் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்: “வாடைக்காத்து ஓஞ்சதும் முடிஞ்சுதுன்னு கதவத் தொறந்துடாதீங்க. தென்காத்து அதுக்கப்புறந்தான்.”

நவம்பர் 16, வெள்ளி

நள்ளிரவுக்குப் பிறகு தொடங்கியது. வடக்குப் பக்கத்து சன்னல்களுக்கு மேசைகளை முட்டுக்கொடுத்து, ஆண்கள் அவற்றில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டுக் கட்டடத்தின் ஓடுகள் ஒவ்வொன்றாக அல்ல, சீட்டுக்கட்டை உதறுவது போல வரிசையாகப் போகும் சத்தம் கேட்டது. பிறகு ஒரேயடியாக நின்றது. குழந்தை ஒன்றின் இருமல்கூட வராந்தாவின் மறுகோடியில் கேட்கும் அளவுக்கு அமைதி. மாட்டைப் பார்த்து வருகிறேன் என்று எழுந்த இளைஞனைப் பெரியவர் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். அரை மணி நேரம் போயிருக்கும். தென்காற்று வந்தது. வடக்கிலிருந்து அடித்ததில் வேர் ஆட்டம் கண்டிருந்த மரங்களை அது தெற்கிலிருந்து தள்ளிச் சாய்த்தது; ஒவ்வொன்றும் விழும்போது தரை வழியாக உட்கார்ந்த இடத்தில் தெரிந்தது.

முகாமில் இருந்த யாருக்கும் ஒரு கீறல் இல்லை. கடற்கரை மாவட்டங்களில் எண்பதாயிரம் பேருக்கு மேல் முகாம்களில் இருந்தார்கள் என்று காரைக்கால் வானொலியில் கேட்டபோது, அந்தக் கூட்டத்தில் நாங்களும் சேர்த்தி என்று பெருமையாக இருந்தது உண்மை.

விடிந்ததும் வராந்தாவில் நின்றபோது எங்கள் வீடு தெரிந்தது. இருபத்தாறு வருடத்தில் பள்ளியிலிருந்து எங்கள் வீடு தெரிந்ததே இல்லை. நடுவில் இருந்த தோப்பு படுத்திருந்தது. மட்டை கழித்த நான்கும் அதில் அடக்கம்.

குழந்தைகள் இரவெல்லாம் வாந்தி எடுத்திருந்ததால் வகுப்பறைகளைக் கழுவச் சொன்னேன். குழாய்களைத் திறந்துவிட்டுத் தாராளமாகக் கழுவினோம்.

நவம்பர் 17, சனி

தொட்டி காலி.

கைப்பம்பில் உப்புத் தண்ணீர். சாலையெங்கும் மரங்கள், கம்பம் ஒன்றுகூட நிற்கவில்லை, கைபேசிக் கோபுரம் வளைந்து கிடக்கிறது. விழுந்த மரங்களின் குலைகளிலிருந்து இளநீர் வெட்டிக் குழந்தைகளுக்குக் கொடுத்தோம். எல்லோரும் குடித்தார்கள். அப்பா குடிக்கவில்லை.

நவம்பர் 18, ஞாயிறு

தண்ணீர் இல்லை.

நவம்பர் 19, திங்கள்

தென்னை ஒன்றுக்கு 1,100 ரூபாய் என்று அறிவித்திருக்கிறார்கள்: இழப்பீடாக 600, வெட்டி அகற்ற 500. அப்பா ஒரு டப்பாவில் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு, விழுந்த மரங்களின் அடியில் எண் போட்டு வருகிறார். கணக்கெடுக்க வருபவர்களுக்கு வசதியாக இருக்குமாம். 88 வரை போட்டிருக்கிறார். வேரோடு சாய்ந்த ஒரு மரத்தை அகற்ற 500 ரூபாய் எந்த மூலைக்கு என்று அவரிடம் யார் சொல்வது? புதிதாக வைத்தால் காய்க்க ஐந்தாறு வருடமாகும், அவருக்கு இப்போதே எழுபத்தொன்று.

நான் ஏன் குழாயைத் திறக்கச் சொன்னேன்? ஈரத் துணியால் துடைத்திருக்கலாம்.

நவம்பர் 20, செவ்வாய்

எங்கிருந்தெல்லாமோ நிவாரண லாரிகள் வருகின்றன. எல்லாம் பிரதான சாலையிலேயே இறக்கப்பட்டு விடுகின்றன. சாலையோர ஊர்க்காரர்கள் மறித்து இறக்கிக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை, அவர்களுக்கும் ஐந்து நாளாக ஒன்றுமில்லை. மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கும் எங்களுக்கு இன்று ஒரு மூட்டை பழைய துணி வந்தது. அதில் குளிருக்குப் போடும் கோட்டு ஒன்று இருந்தது.

மெழுகுவத்திக்குக் கடைக்காரர் சொன்ன விலையை எழுத வெட்கமாக இருக்கிறது. அவரும் என்னிடம் படித்தவர்.

நவம்பர் 21, புதன்

வீட்டுக்கு வீடு பணம் போட்டு ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து மோட்டாரை ஓட்டினோம். இரண்டு மணி நேரம்தான், அடுத்த ஊர்க்காரர்கள் வண்டியோடு காத்திருந்தார்கள். தொட்டியில் கால். வீட்டுக்கு நான்கு குடம் என்று நானே குழாயடியில் நின்று எண்ணிக் கொடுத்தேன். ஐந்தாவது குடத்தோடு நின்ற ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பினேன். என்னைப் பார்த்து அவள் எதுவும் சொல்லவில்லை.

எங்கள் பட்டியலில் மண்ணெண்ணெய் இருந்தது, ஜெனரேட்டர் இல்லை. ஓர் இரவுக்கான பட்டியல் அது.

நவம்பர் 22, வியாழன்

மறுபடியும் மழை. கூரை போன வீடுகளில் தார்ப்பாய் இல்லை. பாத்திரங்களை வரிசையாக முற்றத்தில் வைத்து மழைநீர் பிடித்தோம்.

நவம்பர் 23, வெள்ளி

கார்த்திகை தீபம். ஊர் முழுவதும் இருட்டாக இருந்ததால் அகல்கள் நன்றாகத் தெரிந்தன. அம்மா மூன்று விளக்கோடு நிறுத்திக்கொண்டார், எண்ணெய் சமையலுக்கு வேண்டும்.

நவம்பர் 26, திங்கள்

மின் ஊழியர்கள் கேரளத்திலிருந்து வந்திருக்கிறார்கள். சம்பா வயல் சேற்றில் கிரேன் இறங்காது என்பதால் பன்னிரண்டு பேர் கம்பத்தைத் தோளில் சுமந்து முழங்கால் சேற்றில் நடந்தார்கள். பின்பாதியை எங்கள் ஊர்ப் பையன்கள் சுமந்தார்கள். இருக்கிற அரிசியில் அவர்களுக்குப் பள்ளியில் சமைக்கிறோம். ஒருவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். செம்பை நிறையவே கொடுத்தேன். அவர் பாதியைக் குடித்துவிட்டு மீதியைக் கைகழுவக் கீழே ஊற்றினார், நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

நவம்பர் 28, புதன்

அப்பா 143 வரை எண் போட்டுவிட்டார். முதலில் போட்டவை மழையில் கரைந்துவிட்டதால் திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பித்திருக்கிறார்.

நவம்பர் 30, வெள்ளி

மேற்குத் தெருவரை மின்சாரம் வந்துவிட்டது. மோட்டார் இருப்பது கிழக்குத் தெருவில்.