பழைய கணினிக்குக் காசு போடலாமா? டர்பன் கடலோரத்துக் கணக்கு

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. அதிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கம் வீட்டு மூலைகளில் இருக்கும் எட்டு, பத்து வயதுக் கணினிகளைப் பற்றி ஒரே கேள்விதான்: உள்ளே எதையாவது மாற்றினால் இன்னும் ஓடுமா, இல்லை புதிதாகவே வாங்கிவிடலாமா? கடையில் கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரிந்ததுதான். என் கணக்கு வேறு. இன்று வாங்கும் பாகத்தைக் கழற்றி, நாளை வாங்கப்போகும் கணினியில் மாட்ட முடியுமா? முடியும் என்றால் தயங்காமல் வாங்குங்கள். பழைய மதர்போர்டோடு உடன்கட்டை ஏறப்போகிற பாகம் என்றால் காசை எண்ணிப் போடுங்கள்.

அதற்கு முன், எது காலை வாருகிறது என்று பார்க்க வேண்டும். கணினி தவழும் நேரத்தில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, வழக்கமான வேலையைப் பத்து நிமிடம் செய்யுங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டிருக்க, சிபியு 20, 30-ல் சும்மா இருந்தால் குற்றவாளி ஹார்ட் டிஸ்க். ஆனால் மெமரியையும் சேர்த்தே பாருங்கள். ராம் போதாதபோது விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் எழுதி எழுதிப் படிக்கும். அப்போதும் டிஸ்க் 100-ஐத் தொடும். மெமரி 85-க்கு மேலேயே நின்றால் ராம்தான் மூலக்காரணம். சிபியு மட்டும் முட்டிக்கொண்டு நிற்கிறதா? கீழே காட்டும் கிகாஹெர்ட்ஸ் எண், சிப்பின் அடிப்படை வேகத்தைவிடக் குறைவாக இருக்கிறதா என்று கவனியுங்கள். பாரமான வேலையின்போதும் குறைவாகவே நின்றால் பெரும்பாலும் சூடுதான் காரணம். விசிறியில் தூசு அடைத்து, சிப்பின் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்து, சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. பழைய பேஸ்ட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதிய பேஸ்ட் வைத்தால் போதும். இதற்காகவெல்லாம் புதுக் கணினி வாங்க வேண்டியதில்லை.

பெரும்பாலான வீடுகளில் முதல் வகைதான். சுழலும் ஹார்ட் டிஸ்க் நல்ல நிலையில் நொடிக்கு 100 முதல் 150 மெகாபைட் படிக்கும். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டியில், சாட்டா என்ற கம்பி இணைப்பில் மாட்டும் வகை 500-ஐத் தாண்டும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் அந்த எண்ணால் வருவதில்லை. ஹார்ட் டிஸ்க்கில் ஊசி ஒவ்வொரு சிறு கோப்பையும் தேடிப் போக 10 மில்லிவினாடி அளவு ஆகும். எஸ்எஸ்டியில் அது சுமார் 0.1. விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் திறக்கிறது என்பதால் மூன்று நிமிடக் காத்திருப்பு அரை நிமிடத்துக்குள் வந்துவிடும். இந்த எஸ்எஸ்டியை நாளை புதுக் கணினியில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டலாம். மடிக்கணினி வாங்கினால் யுஎஸ்பி உறைக்குள் போட்டு வைத்துக்கொள்ளலாம். போட்ட காசு எங்கேயும் போகாது.

மாற்றும்போது கெட்டுப்போவது எங்கே என்று சொல்லிவிடுகிறேன். முதலில் ஒரு இலவச நிரல் கொண்டு பழைய டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரங்களை, அதாவது டிஸ்க் தன் நலத்தைத் தானே குறித்துவைக்கும் கணக்கைப் பாருங்கள். பென்டிங் செக்டர், ரீஅலகேட்டட் செக்டர் (கெட்டுவரும், கெட்டுப்போன இடங்கள்) எண்ணிக்கை ஏறியிருந்தால் முழு டிஸ்க்கையும் நகலெடுக்கப் போகாதீர்கள், பாதியில் செத்துவிடலாம். புகைப்படங்களையும் ஆவணங்களையும் மட்டும் முதலில் வெளியே எடுத்துவிட்டு, விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள். டிஸ்க் நலமாக இருந்தால், யுஎஸ்பி-சாட்டா கம்பியில் எஸ்எஸ்டியை மாட்டி, குளோனிங் நிரலால் நகலெடுக்கலாம். பழைய டிஸ்க் 1 டெராபைட்டாக இருந்தாலும் அதில் நிரம்பியிருப்பது எஸ்எஸ்டியின் கொள்ளளவுக்குள் இருக்க வேண்டும். கிளோன்சில்லா போன்ற நிரல்கள் இயல்பில் பெரிய டிஸ்க்கைச் சிறியதற்கு நகலெடுக்க மறுக்கும், முன்கூட்டியே பார்ட்டிஷனைச் சுருக்க வேண்டியிருக்கும். நகல் முடிந்ததும் முதல் முறை பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டே கணினியை இயக்குங்கள். இரண்டும் ஒரே அடையாள எண்ணோடு இருப்பதால் விண்டோஸ் குழம்பும், அல்லது தெரியாமல் பழையதிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கும். "மாற்றியும் வேகம் வரவில்லை" என்ற புலம்பலில் பாதி இதுதான். இன்னொன்று, பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் எழும் போர்டின் அடிப்படை நிரல்) டிஸ்க்கோடு பேசும் சாட்டா முறையை ஐடிஇ-யிலிருந்து ஏஹெச்சிஐ-க்கு அவசரப்பட்டு மாற்றினால் நீலத்திரை வந்து நின்றுவிடும். ஒருமுறை சேஃப் மோடில் திறந்து எழுந்தால்தான் விண்டோஸ் அதற்கான டிரைவரை ஏற்றிக்கொள்ளும்.

போர்டில் மெல்லிய எஸ்எஸ்டியை நேராக மாட்டும் எம்.2 பள்ளம் இருக்கிறதே என்று மகிழ்ந்துபோய், சாட்டாவைவிட வேகமான என்விஎம்இ வகையை வாங்கிவராதீர்கள். பழைய போர்டுகள் சிலவற்றில் அந்தப் பள்ளம் சாட்டா வகையை மட்டுமே ஏற்கும். போர்டின் கையேட்டைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்; தெரியவில்லை என்றால் 2.5 அங்குல சாட்டாவே பாதுகாப்பு. டெஸ்க்டாப் என்றால் சாட்டா கம்பி ஒன்றும் சேர்த்து வாங்குங்கள், பெட்டிக்குள் வராது.

ராம் விஷயம் இவ்வளவு சுலபம் இல்லை. ராமின் தலைமுறைகளான டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றின் வெட்டுப்பள்ளமும் வேறு வேறு இடத்தில். ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது. டிடிஆர்3-க்குள்ளேயே 1.5 வோல்ட், 1.35 வோல்ட் என்று இரண்டு உண்டு, சில மடிக்கணினிகள் 1.35 வோல்ட்டை மட்டுமே ஏற்கும். டிடிஆர்3 கேட்கும் கணினிக்குப் புதிய ராம் வாங்குவது என் கணக்குப்படி நஷ்டம், அது அடுத்த கணினிக்கு வராது. பழையது மலிவாகக் கிடைத்தால் போடுங்கள், இல்லையென்றால் விடுங்கள். 2025 கடைசியிலிருந்து ராம் விலை உலகம் முழுக்கக் குதித்திருக்கிறது. ஏஐ மையங்கள் அள்ளிக்கொண்டு போகின்றன. அதனால் 4 ஜிபியோடு திணறும் டிடிஆர்4 கணினிக்கு 8 வரை ஏற்றுவது நியாயம், "இருக்கட்டுமே" என்று 32 போடுவது வீண். அதே டாஸ்க் மேனேஜர் மெமரிப் பக்கத்தில் எத்தனை பள்ளத்தில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று காட்டும். ஒன்று காலியாக இருந்தால் இருப்பதைத் தூக்கி எறிய வேண்டாம்.

இனி விண்டோஸ் 11. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்து, ஏஎம்டி ரைசன் என்றால் பெரும்பாலும் 2000 வரிசையிலிருந்துதான் அது அதிகாரபூர்வமாக ஏற்கும். சிப்பின் பெயரிலேயே இருக்கிறது: ஐ5-7500 என்றால் ஏழாம் தலைமுறை, வெளியே நில், ஐ5-8400 என்றால் உள்ளே வா. தகுதியுள்ள கணினியிலும் "டிபிஎம் இல்லை" என்று வந்தால் (விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வசதி அது) பயப்பட வேண்டாம், பயாஸில் அணைத்து வைத்திருப்பார்கள். இன்டெல் போர்டில் பிடிடி, ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் இருக்கும், அதை இயக்கினால் போதும்.

"சிப்பை மட்டும் மாற்றிவிடலாமே" என்பது அடுத்த ஆசை. இன்டெல்லில் இது கண்ணி. ஏழாம் தலைமுறைக்கும் எட்டாம் தலைமுறைக்கும் சாக்கெட் பெயர் ஒன்றே, எல்ஜிஏ1151. சிப் அழகாக உட்காரும். ஆனால் கணினி எழாது. சிப் மாற்றினால் போர்டு, போர்டு மாற்றினால் சில சமயம் ராம், பிராண்டட் பெட்டியாக இருந்தால் பவர் சப்ளையும் பெட்டியும் கூட என்று வால் நீண்டுகொண்டே போகும். அந்த இடத்தில் முழுசாகப் புதிது வாங்குவதுதான் மலிவு. விதிவிலக்கு ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட். 2017-ல் முதல் ரைசனோடு வாங்கிய போர்டுகள் பலவற்றில், பயாஸைப் புதுப்பித்தால் 5000 வரிசைச் சிப் வரை ஓடும். போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் சிபியு ஆதரவுப் பட்டியலைப் பார்த்து, பழைய சிப் இருக்கும்போதே பயாஸை ஏற்ற வேண்டும், கழற்றிய பிறகு அல்ல. புதுப்பிக்கும் முன், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரை நிறுத்திவைத்து, அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் உங்கள் டிஸ்க்கே உங்களை உள்ளே விடாது.

சிப் தகுதி இல்லை, ஆனால் கணினி திடமாக இருக்கிறது என்றால் இரண்டு வழி. விண்டோஸ் 10-க்கு வீட்டுப் பயனர்களுக்கான நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டம் 2026 அக்டோபர் 13 வரை இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைப்புகளை ஒத்திசைத்தால் காசில்லாமல் சேரலாம். அடுத்தது விண்டோஸுக்குப் பதிலாக நிறுவும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட். மின்னஞ்சல், யூடியூப், பிள்ளைகளின் பாடம் என்ற அளவில் அதுவே போதும், தமிழ்99 விசைப்பலகையும் அதில் உண்டு. விண்டோஸ் 11-ஐத் தடை தாண்டி நிறுவும் குறுக்குவழிகளும் சுற்றுகின்றன. அப்படி நிறுவியதற்குப் புதுப்பிப்பு வந்துகொண்டே இருக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தரவில்லை. வங்கிக் கணக்குப் பார்க்கும் கணினியில் நான் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன்.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். டர்பனில் கூடுதலாக இரண்டு எதிரிகள்: மின்சாரமும் உப்புக்காற்றும்.

லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு 2024 மார்ச்சுக்குப் பிறகு பெரும்பாலும் ஓய்ந்தது, 2025-ன் முதல் பாதியில் சில நாட்கள் தலைகாட்டிப் போனது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று முறை மின்சாரம் போய்வந்த அடியெல்லாம் உங்கள் பவர் சப்ளைக்குள் சேர்ந்திருக்கிறது. மின்சாரம் போகும்போது கெடுவதைவிடத் திரும்பி வரும்போது ஏற்ற இறக்கத்தில் கெடுவது அதிகம். அறிகுறிகள்: முதல் முறை பொத்தானை அழுத்தினால் எழாமல் மூன்றாம் முறை எழுவது, விளையாட்டு ஓடும்போது மட்டும் திடீரென்று அணைவது, போர்டில் சிபியுவைச் சுற்றியுள்ள கப்பாசிட்டர்களின் தலை உப்பியிருப்பது. கடைசியது இருந்தால் பேச்சே இல்லை, அந்தப் போர்டில் ஒரு ராண்ட் கூடப் போடாதீர்கள். பவர் சப்ளை மட்டும் என்றால் ஏடிஎக்ஸ் என்ற பொது அளவில் தரமான ஒன்று வாங்குங்கள், அடுத்த பெட்டிக்கும் வரும். பழையதைத் திறந்து பார்க்க வேண்டாம். கம்பியைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம்.

அலுவலகங்களிலிருந்து கழித்து வரும் பிராண்டட் குட்டிப் பெட்டிகளில் பவர் சப்ளையின் வடிவமும் இணைப்பும் அவரவர் சொந்த வகை, பொதுவான ஏடிஎக்ஸ் உட்காராது. கிராஃபிக்ஸ் கார்டு போட நினைத்தாலும், தனி மின்கம்பி இல்லாத அந்தப் பெட்டியில் பள்ளம் தரும் 75 வாட்டுக்குள், உயரம் குறைந்த கார்டுதான் தேட வேண்டும்.

ஊரில் மின்சாரம் போனதும் சுவர் சுவிட்சை அணைப்பது நல்ல பழக்கம். வந்ததும் ஐந்து நிமிடம் பொறுத்துப் போடுங்கள். அதற்கு ஒரு சின்ன விலை உண்டு. சுவரில் அணைந்திருக்கும்போது போர்டின் கடிகாரம் சிஆர்2032 பட்டன் பாட்டரியில் ஓடுவதால் அது சீக்கிரம் தீரும். தேதி பழைய வருடத்துக்குப் போய், எந்த இணையதளமும் "பாதுகாப்பற்றது" என்று மறுத்தால், கணினி செத்துவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். மருந்துக் கடையிலேயே கிடைக்கும் அந்த பாட்டரியை மாற்றினால் தீர்ந்தது.

யுபிஎஸ் பற்றியும் ஒரு வார்த்தை. சிறிய பெட்டிகளுக்குள் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய பாட்டரி. அது எப்போதோ ஒருமுறை இறங்குவதற்காகச் செய்தது, தினமும் காலியாவதற்கு அல்ல; அடிக்கடி இறக்கினால் ஓரிரு ஆண்டில் முடிந்துவிடும். கோப்பைச் சேமித்து ஒழுங்காக அணைக்கும் நேரம் வாங்கித் தருவதே அதன் வேலை. மின்வெட்டிலும் வேலை நடக்க வேண்டுமென்றால் மடிக்கணினியும் ரவுட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ்ஸும்தான் சரி. புதிதாக வாங்குவது என்று முடிவானால் இந்த ஊரில் நான் மடிக்கணினியின் பக்கம் சாய்வது இதனால்தான்.

உப்புக்காற்று மெதுவாகக் கொல்லும். பிளஃப், உம்லாங்கா போலக் கடல் பார்க்கும் இடங்களில் ராமின் தங்கநிறப் பற்கள் மங்கும், இணைப்புகளில் பச்சை பூக்கும். தைப்பூசக் காவடி நடக்கும் ஜனவரி, பிப்ரவரிப் புழுக்கத்தில் கணினி பீப் போட்டுவிட்டு எழாமல் போனால், முதலில் ராமைக் கழற்றிப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு மாட்டிப் பாருங்கள். எழுந்தால் அது தொடர்புக் கோளாறுதான். ஆனால் போர்டின் மேலேயே பச்சை படர்ந்திருந்தால் இன்று ராம், நாளை யுஎஸ்பி, மறுநாள் வேறொன்று.

பழையதை வாங்குபவர்களுக்கு: தென்னாப்பிரிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கடையில் வாங்கும் பொருளுக்கு ஆறு மாதத் தர உத்தரவாதம் உண்டு, பழுதானால் சரிசெய்வதா, மாற்றுவதா, பணத்தைத் திரும்பப் பெறுவதா என்பது வாங்குபவர் விருப்பம். குறையை முன்கூட்டியே குறிப்பாகச் சொல்லி, நீங்கள் ஒப்புக்கொண்டு வாங்கியிருந்தால் அந்தக் குறைக்கு இது செல்லாது. தனிநபரிடம் வாங்கினாலும் செல்லாது. ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றுவது என்று முடிவானால் யாரும் நினைக்காத ஒன்று தமிழ் எழுத்துருக்கள். கோயில் அழைப்பிதழ், தேவாரத் தாள், சங்கக் கணக்கு எல்லாம் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்டிருந்தால், புதுக் கணினியில் அவை ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். கோப்பு கெடவில்லை, எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். பழைய கணினியின் விண்டோஸ் கோப்புறைக்குள் ஃபான்ட்ஸ் என்பதைத் திறந்து, அந்த எழுத்துருக் கோப்புகளைக் கட்டாயம் நகலெடுங்கள். பிறகு சாவகாசமாக யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம். புதிதாகத் தட்டச்சிடத் தமிழ்99-ஐ விண்டோஸே தருகிறது.

பழைய பெட்டியைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். 2021 ஆகஸ்டிலிருந்து மின்னணுக் கழிவைக் குப்பைக்கிடங்கில் கொட்டத் தடை இருக்கிறது, மறுசுழற்சிக்குக் கொடுக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றிக்கொள்ளுங்கள். சிலிகா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் மூன்று மாதம் அலமாரியில் இருக்கட்டும். ஏதாவது ஒரு புகைப்படக் கோப்புறையை நகலெடுக்க மறந்தது அதற்குள் தெரிந்துவிடும்.