பழைய ராணுவ லாரியில் கூலன்ட் கசிவு: எங்கே தேடுவது?

இன்ஜின் முழுதும் ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறக்கவும். கூலன்ட்டை (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) நிரப்பி, மூடியின் இடத்தில் பிரஷர் டெஸ்டரை (அழுத்தம் காட்டும் முள்ளுள்ள கைப்பம்ப்) மாட்டி, மூடியில் பொறித்திருக்கும் அழுத்தம் வரை மட்டும் அடியுங்கள். தாண்டினால் பழைய பித்தளை ரேடியேட்டரின் பற்றவைப்பு விட்டுவிடும். 15 நிமிடமாவது முள் இறங்காமல் நிற்க வேண்டும்.

இறங்கினால் முதலில் வாட்டர் பம்ப்பின் அடியில் உள்ள சிறு துளையைப் பாருங்கள். அங்கிருந்து சொட்டினால் உள்சீல் போய்விட்டது. குளிரில் மட்டும் கசிந்தால் பெரும்பாலும் ஹோஸ் கிளாம்ப்தான் (ரப்பர் குழாயை இறுக்கும் வளையம்). சூட்டில் விரிந்து அடைத்துக்கொள்வதால் ஓடும்போது தெரியாது.

வெளியே ஈரமே இல்லை, அழுத்தம் மட்டும் இறங்குகிறதா? டிப்ஸ்டிக்கை (இன்ஜின் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பி) உருவுங்கள். எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் ஹெட் கேஸ்கெட்டையோ (இன்ஜின் பிளாக்குக்கும் மேல்மூடிக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) ஆயில் கூலரையோ (எண்ணெயைக் குளிர்விக்கும் பாகம்) சந்தேகிக்கலாம். அந்த நிலையில் தயவுசெய்து ஸ்டார்ட் செய்யாதீர்கள்: சிலிண்டருக்குள் தண்ணீர் தேங்கியிருந்தால் கனெக்டிங் ராடு (பிஸ்டனை கிராங்க்ஷாஃப்டோடு இணைக்கும் தண்டு) வளைந்துவிடும்.