சுரங்கக் கூரையில் தேங்கும் மீத்தேன்

18 அக்டோபர் 2025, சனி

தீபாவளி விடுமுறைக்காக இன்று மாலையோடு எங்கள் நீர்ச் சுரங்கத்தில் வேலை நின்றது. வேலை நின்றாலும் காற்றோட்ட விசிறி நிற்கக் கூடாது என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டேன். சிங்கப்பூரின் காலாங் படிவம் என்னும் மென்மண் அடுக்கின் கடற்களிமண்ணுக்கிடையே மட்கிய தாவரங்கள் நிறைந்த அடுக்குகள் உண்டு. அவை காற்றில்லாமல் அழுகும்போது உண்டாகும் மீத்தேன் என்னும் எரியக்கூடிய வாயு நிலத்தடி நீரில் கரைந்து கிடக்கும். அந்நீர் சுரங்கத்துக்குள் கசிந்து அழுத்தம் குறைந்ததும், சோடாப் புட்டியைத் திறந்தாற்போல் வாயு பிரிந்து வெளியேறும். கசிவுக்கு விடுமுறை கிடையாது.

19 அக்டோபர், ஞாயிறு

விசிறி ஓடுவதாகக் காவலர் மாலையில் தொலைபேசியில் சொன்னார்.

20 அக்டோபர், திங்கள்

கோயிலுக்குச் சென்று வந்த பிறகும் அபேஸ்டெட் வால்வு அறை விபத்தின் நினைவாகவே இருந்தது. 1984 மே 23 அன்று இங்கிலாந்தின் லங்காஷயரில் உள்ள அந்த வால்வு அறையைப் பார்க்க ஊர்மக்கள் வந்திருந்தபோது அது வெடித்து, 16 பேர் இறந்தனர். அந்த அறையோடு இணைந்த, 17 நாள்கள் நீரோட்டமின்றிக் கிடந்த நீர்ச் சுரங்கத்தின் வெற்றிடத்தில் மீத்தேன் சேர்ந்திருந்தது. பம்புகளை இயக்கியதும் பெருகிய நீர் அதை அறைக்குள் தள்ளியது. நதிநீரைக் கொண்டு செல்லும் சுரங்கத்தில் மீத்தேன் வரும் என்பதை வடிவமைப்பில் எதிர்பார்த்திருக்கவில்லை.

21 அக்டோபர், செவ்வாய்

காலை 7 மணிக்கு விசிறி நின்று கிடந்தது. மின்சுற்று ட்ரிப் ஆகியிருந்தது. எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. நேற்றும் நான் விசாரித்திருக்க வேண்டும்.

சுரங்கத்துக்கு இறங்கும் செங்குத்துக் குழியான ஷாஃப்ட்டுக்குள் குழாயை இறக்கி மேலிருந்தே அளந்தபோது வாயு மீட்டர் சுழியம் காட்டியது. கூரையை ஒட்டி முன்பே கட்டிவைத்திருந்த மாதிரிக் குழாயிலோ அளவு 18. காற்றில் 5 முதல் 15 விழுக்காடு மீத்தேன் இருந்தால் வெடிக்கும். அந்தக் கீழெல்லையான 5இல் 18 விழுக்காடு, அதாவது காற்றில் 0.9 விழுக்காடு சேர்ந்திருந்தது. உள்ளே செல்வதற்கான வரம்பு அதே மீட்டர் அளவில் 10.

"அண்ணே, கீழே ஜீரோதானே காட்டுது, இறங்கட்டுமா?" என்று கேட்டார் ஓர் இளைஞர். மீத்தேனின் எடை காற்றின் எடையில் ஏறக்குறைய பாதிதான் என்பதால், காற்று அசையாத இடத்தில் அது கூரையோடு படலமாகப் படிந்துவிடும் என்றும், நெஞ்சில் மாட்டிய மீட்டர் அதை அறியவே அறியாது என்றும் விளக்கி, பெர்மிட்டில் கையெழுத்திட மறுத்தேன்.

சுரங்கத்தின் மின்சாரம் முழுவதையும் துண்டித்தபின் விசிறியை இயக்கினோம். 4 மணி நேரம் கழித்துக் கூரையிலும் சுழியம்; அதன் பிறகே ஆட்கள் இறங்கினார்கள்.

விசிறி நின்றால் காவலறையில் மணி ஒலிக்க இணைப்புக் கேட்டு எழுதியிருக்கிறேன். அது வரும்வரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும், ஒருவர் நேரில் பார்த்துக் குறித்துவைப்பார்.