சதுப்பு மானைப் படிப்பிக்கையில்

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு மான் என்றால் புள்ளிமானும் மரையும்தான். விலங்கியல் வகுப்பில் சதுப்பு மானைத் தொடங்கும்போது இவை இரண்டையும் அளவுகோலாக வைப்பதே சுகம். வளர்ந்த ஆண்மானின் கொம்பில் இரண்டுக்கும் பக்கத்துக்கு மூன்று கவர், அதாவது கிளைமுனை. சதுப்பு மானுக்கு இரு பக்கமும் சேர்த்து 10 முதல் 15 வரை. 20 வரை போவதும் உண்டு. இந்தியில் அதன் பெயர் பாராசிங்கா, பன்னிரு கொம்பன். இதைக் கேட்டவுடன் ஒரு பக்கத்துக்கே பன்னிரண்டு கீறிவிடுவார்கள். அதைவிடப் பெரிய பிழை, கவர்களைச் சீப்புப் பல்லுப்போல அடியிலிருந்து நுனிவரை நிரப்புவது. நெற்றிக்கு மேலே ஒரு கவர், பிறகு தண்டு பாதிக்கு மேல் வெறுமையாகவே போகும், மேலேதான் கிளைவிடும். கொம்பின் சராசரி நீளம் 75 சென்ரிமீற்றர். அதை 15 சென்ரிமீற்றராகச் சுருக்கி, அடிக்கவருக்குப் பிறகு 8 சென்ரிமீற்றருக்கு வெறுந்தண்டு மட்டும் கீறச் சொன்னால் படம் சரியாக வரும்.

உபவினங்கள் மூன்று. இமயமலை அடிவாரத்துச் சதுப்பான தராய்ச் சமவெளியில் உள்ளதற்கு விரிந்த குளம்பு. மத்தியப் பிரதேசத்துக் கான்ஹா தேசியப் பூங்காவில் உள்ளது கடுந்தரைக்காரன், குளம்பு இறுகியது. மூன்றாவது அசாமில், காசிரங்காப் பக்கம். விரிந்த குளம்பின் பயனை ஒரு பேசின் வயல்மண்ணிலேயே காட்டலாம். 5 சென்ரிமீற்றர் சதுரக் கட்டை ஒன்று, 7 சென்ரிமீற்றர் சதுரக் கட்டை ஒன்று. ஒவ்வொன்றின் மேலும் 5 கிலோ அரிசிப் பொதி. சின்னதன் கீழே சதுர சென்ரிமீற்றருக்கு 200 கிராம் சுமை, பெரியதன் கீழே ஏறக்குறைய 100. மண்ணின் பதம் முக்கியம்: உருட்டினால் உருண்டை நிற்கவேண்டும், அழுத்தினால் விரலிடுக்கால் பிதுங்கவேண்டும். காய்ந்திருந்தால் இரண்டும் மேலேயே நிற்கும், நீர் கூடினால் இரண்டும் அடிக்குப் போய்விடும். பொதி சரியாமல் கையால் தாங்கலாம், ஆனால் அழுத்தக்கூடாது. கட்டை காட்டுவது பரப்பை மட்டுமே. உண்மைக் குளம்பு மிதிக்கையில் இரு விரலும் விலகிக் கொடுக்கும்.

இங்கேதான் பெயர் பிள்ளைகளை வழிதவற வைக்கிறது. சதுப்பு என்றவுடன் நீரை மட்டும் நினைக்கிறார்கள். இந்த விலங்கு நீர்த்தாவரங்களையும் தின்னும், ஆனால் வயிற்றை நிரப்புவது புல்: நாணல், இலுக்கு. புல் உணவு மட்டுமல்ல, குட்டிக்கு ஒளிவிடமும் அதுவே. கான்ஹாவில் 1970 கணக்கெடுப்பில் எஞ்சியவை 66. அடிக்கடி தீ வைத்ததாலும் மாடுகள் மேய்ந்ததாலும் புல் உயரம் குறைந்தது. குட்டிகள் வெளியே தெரிந்தன, புலிக்கு எளிதாயின. சினைக்காலம் ஏறக்குறைய எட்டு மாதம், ஈற்றுக்கு ஒரு குட்டி. எனவே இழப்பை ஈடுசெய்வது மெல்லத்தான் நடக்கும். கிராமங்கள் இடம்மாறின, புல் வளர விடப்பட்டது, புலி புகாத வேலிக்குள் ஒரு கூட்டம் பெருக்கப்பட்டது. இன்று பல நூறு. 2015 முதல் அதே மாநிலத்துச் சாத்புராக் காட்டுக்கும் கொண்டுபோகிறார்கள். துரத்திப் பிடித்தால் தசை சிதைந்து பின்னர் செத்துவிடும் விலங்கு இது. அதனால் புனல்போலக் குறுகும் மறைப்பு வேலிக்குள் மெல்ல நடக்கவிட்டு, அப்படியே லொறியில் ஏற்றுகிறார்கள்.

குறிப்பேட்டில் நாங்கள் எழுதச் சொல்வது: வாழிடம், நீருக்கு அண்மையான உயர்புல்வெளி.