மைக் வைப்பதற்கு முந்திய வேலை

பேண்ட் பதிவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, என்ன மைக் வைத்திருக்கிறீர்கள் என்றுதான். அறை எவ்வளவு பெரியது, யார் எங்கே நிற்கப்போகிறோம் என்று கேட்பவர்கள் குறைவு. மேடையில் அவர்களிடம் இருக்கிற வேகம் பதிவிலும் வருமா வராதா என்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது. ஒலிப்பதிவு வேலையில் நான் உறுதியாக நம்புகிற விஷயம் இது.

1950களின் ராக் அண்ட் ரோல் பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் இதைக் கற்றேன். நியூ ஆர்லியன்ஸின் ராம்பார்ட் தெருவில், குடும்பக் கடையின் பின்னறையில் ஜே அண்ட் எம் ஸ்டுடியோவை நடத்தியவர் கோசிமோ மட்டாசா. ஃபேட்ஸ் டோமினோவின் 'தி ஃபேட் மேன்' 1949 டிசம்பரிலும், லிட்டில் ரிச்சர்டின் 'டுட்டி ஃப்ரூட்டி' 1955 செப்டம்பரிலும் அங்கே பதிவாயின. மைக்குகள் கொஞ்சம்தான், ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனி ட்ராக்கெல்லாம் கிடையாது. சாக்ஸபோன் தூக்கலாகக் கேட்டால், வாசிப்பவரை இரண்டடி பின்னால் போய் நிற்கச் சொல்ல வேண்டும். இன்று நாம் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரில் செய்கிற பேலன்ஸில் பாதியை அன்று கால்கள்தான் செய்தன.

மெம்ஃபிஸில் யூனியன் அவென்யூ 706-ஆம் எண் கட்டடத்தில் தயாரிப்பாளர் சாம் ஃபிலிப்ஸ் 1950-இல் திறந்த ஸ்டுடியோ அறையும் சின்னதுதான்: சுமார் 18 அடிக்கு 33 அடி. 1954 ஜூலை 5 இரவு எல்விஸ் பிரெஸ்லி, கிதாருக்கு ஸ்காட்டி மூர், பேஸுக்கு பில் ப்ளாக். நினைத்த பாட்டு எதுவும் கைகூடவில்லை. ஓய்வு நேரத்தில் ஆர்தர் க்ரூடப்பின் பழைய ப்ளூஸ் பாட்டான 'தட்ஸ் ஆல் ரைட்'டை பிரெஸ்லி விளையாட்டாகப் பாடத் தொடங்க, மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள். ஃபிலிப்ஸ் அதையே முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார். இசைத்தட்டின் மறுபக்கத்தில் பில் மன்றோவின் ப்ளூகிராஸ் பாட்டு. கறுப்பினத்தவரின் ப்ளூஸும் வெள்ளையர்களின் கிராமிய இசையும் ஒரே தட்டில்!

அதில் டிரம்ஸே கிடையாது. ப்ளாக் பேஸ் தந்தியை இழுத்துவிட, அது பலகையில் அறைகிற 'டக்' சத்தம்தான் தாளம். ஃபிலிப்ஸின் பேர்பெற்ற எதிரொலியும் எளிய ஏற்பாடுதான். ஒலியை இரண்டாவது டேப் எந்திரத்துக்கும் அனுப்புவார். பதிகிற ஹெட்டிலிருந்து திருப்பி வாசிக்கிற ஹெட்டுக்கு டேப் நகர ஒரு நொடியில் பத்திலொரு பங்குக்குச் சற்று மேல் ஆகும். தாமதமாக வரும் அந்த ஒலியை மூலத்தோடு கலந்துவிடுவார். மூன்று பேர் வாசித்தது ஒரு கூட்டமே வாசித்த மாதிரி நிறைந்துவிடும்.

சமீபத்தில் நான்கு பேர் கொண்ட ஒரு குழு வந்தது. காதில் தாளம் தட்டிக் காட்டும் க்ளிக்கும் ஹெட்போனும் போட்டுத் தனித்தனியாக வாசித்தே பழகியவர்கள். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரே அறையில் வாசிக்கச் சொன்னேன். "ஹெட்போன் இல்லாம எப்படிண்ணா?" என்றார் டிரம்மர். பாடகரை அவருக்கு நேர் எதிரே, பத்தடி தள்ளி நிறுத்தினேன். கிதார் ஆம்ப்பின் சத்தத்தைக் குறைத்து, தரையிலிருந்து ஒரு நாற்காலி மேல் ஏற்றினேன். வாசிப்பவருக்குத் தான் வாசிப்பது காதருகில் கேட்கட்டும் என்று.

பாடகரின் மைக்கில் டிரம்ஸின் உலோகத் தட்டான சிம்பல் வந்து குத்தும் என்பது தெரிந்த தொல்லை. அதனால் அவருக்கு ரிப்பன் மைக் வைத்தேன். அதற்கு முன்னும் பின்னும் காது உண்டு, பக்கவாட்டில் செவிடு. அந்தப் பக்கத்தை டிரம்ஸ் பார்க்கும்படி மைக்கைத் திருப்பி, பாடகரை அதன் முகத்துக்கு நகர்த்தினேன். அப்படியும் டிரம்ஸ் சத்தம் கொஞ்சம் லீக் ஆகத்தான் செய்தது. பத்தடியைக் கடந்து அந்த மைக்குக்கு டிரம்ஸில் ஒன்றான ஸ்நேரின் ஒலி வந்துசேர ஒன்பது மில்லி வினாடி பிடிக்கும். பலர் துரத்தித் துரத்தி அழிப்பது இதைத்தான். நான் விட்டுவைத்தேன். அந்தச் சின்னத் தாமதம் இருப்பதால்தான் டிரம்ஸுக்கு ஒரு இடம், ஒரு சுவர், ஒரு கூரை இருப்பது காதுக்குத் தெரிகிறது.

பாடகர் மூச்சை இழுக்கும்போதே டிரம்மர் அவர் தோளைப் பார்த்து அடி வைக்க ஆரம்பித்தார். பல்லவி திரும்பும் இடங்களில் வேகம் ஒரு நூல் ஏறியது. க்ளிக் இருந்திருந்தால் ஏறியிருக்காது. சரி, பேஸில் ஒரு இடம் பிசகியது உண்மை. ஆனால் அந்த டேக்கைத்தான் எல்லோரும் மறுபடி போடச் சொல்லிக் கேட்டார்கள். ஃபிலிப்ஸின் அந்த இரவை மனதில் வைத்து, ஜாக் செருகிய நொடியிலிருந்து ரெக்கார்டரை நான் நிறுத்துவதே இல்லை.

அடுத்து இதே குழுவின் கச்சேரியை அரங்கிலேயே பதிவு செய்யப்போகிறேன். பாடகர் ஜேம்ஸ் ப்ரௌன் 1962 அக்டோபர் 24 அன்று நியூயார்க்கின் அப்பல்லோ அரங்கில் அப்படிப் பதிவு செய்தபோது, இசைத்தட்டு நிறுவன முதலாளி அதில் ஆர்வம் காட்டவில்லை. செலவை ப்ரௌனே போட்டுக்கொண்டார். அந்தத் தட்டில் மெதுவான பாட்டுக்கு நடுவே ரசிகர்கள் போடும் கூச்சல், அவரோடு சேர்ந்து வாசிக்கும் இன்னொரு வாத்தியம். அதனால் கூட்டத்துக்கென்றே மேடையின் இரு ஓரங்களிலும் ஒவ்வொரு மைக், ஜனங்களைப் பார்த்தபடி வைக்கிறேன். மிக்ஸில் கைதட்டலுக்கு மட்டும் அவற்றைத் திறந்து மூடாமல், பாட்டு முழுக்கத் திறந்தே வைப்பதாக முடிவு.