படத்துல இருக்கற லூட்டுக்கு எத்தனை பிருடை?

பழைய ஐரோப்பிய ஓவியத்துல ஏதாவது வாத்தியம் இருந்தா நான் மொதல்ல வாசிக்கறவங்க மூஞ்சியப் பாக்கறதில்ல, நரம்ப முறுக்கி சுருதி சேக்கற பிருடையத்தான் எண்ணுவேன், ஒரு நரம்புக்கு ஒரு பிருடை இருக்கணும்ல, கெட்ட பழக்கம்தான். லூட்னா கிட்டார் மாதிரி மீட்டற, முதுகு உருண்ட பழைய ஐரோப்பிய வாத்தியம்; 1500கள்ல அதுக்குப் பொதுவா ஆறு வரிசை நரம்பு, உச்ச ஸ்தாயில இருக்கறது மட்டும் ஒத்தை, மத்ததெல்லாம் ஜோடி, ஆக 11. படத்துல நரம்பு 11 இருக்கு, பிருடை ஏழுதான் தெரியுது, மறைஞ்சிருக்க இடமும் இல்லைன்னா, ஓவியர் பாதியிலயே சலிச்சுப் போய்ட்டார்னு அர்த்தம்.

இன்னொண்ணு மெட்டு, அதாவது எங்க விரல் வெக்கணும்னு காட்ட லூட்டோட கழுத்துல குறுக்க இருக்கற கட்டு. கீழ உடம்புப் பக்கம் வர வர இடைவெளி குறையணும். விஞ்ஞானி கலிலியோவோட அப்பா வின்சென்சோ ஒரு லூட் வித்வான், அவர் 1581ல எழுதின கணக்குப்படி மீதியிருக்கற நரம்பு நீளத்துல 18ல ஒரு பங்கு தள்ளி அடுத்த மெட்டு வரணும். சில படங்கள்ல ஏணிப்படி மாதிரி சமமா கோடு போட்டு வெச்சிருப்பாங்க, அதுல சுருதி சேரவே சேராது, ஆனா பக்கத்துலயே பட்டுத்துணியோட ஒவ்வொரு மடிப்பும் தத்ரூபமா இருக்கும்! துணில தப்பு பண்ணா காசு குடுத்தவர் கண்டுபிடிச்சிருவாரு, மெட்டை யார் பாக்கப்போறா.

ஆனா ஓவியர் ஹோல்பைன் வேற ரகம். லண்டன் நேஷனல் கேலரில இருக்கற 'தூதர்கள்', 1533. கீழ்த்தட்டுல ஒரு லூட் நம்மளப் பாத்து நீட்டிட்டுப் படுத்திருக்கு, அதுல ஒரே ஒரு நரம்பு அறுந்து சுருண்டு நிக்குது. அது ஒற்றுமை கெட்டதுக்கு அடையாளம்னு சொல்றாங்க, இருக்கட்டும், எனக்கென்னவோ அறுந்த நரம்ப கிட்டக்க உக்காந்து பாத்த ஆள்தான் அப்படி வரைவான்னு தோணுது. இந்தக் கோணத்துல லூட் வரையறதே அப்ப ஒரு பரீட்சை மாதிரி. 1525ல வந்த, ஜெர்மன் ஓவியர் ட்யூரரோட மரச்செதுக்குப் படம் ஒண்ணுல ரெண்டு பேர் சுவத்துலேருந்து நூல் இழுத்து ஒரு சட்டம் வழியா புள்ளி புள்ளியா லூட்டத்தான் வரைஞ்சிட்டிருப்பாங்க.

என்னை ரொம்பக் குழப்பற ஓவியர் கௌடென்சியோ ஃபெர்ராரி. இத்தாலில வெர்செல்லி ஊர் சர்ச்ல 1530 வாக்குல மாதா படம் ஒண்ணு போட்டாரு, அதுல ஒரு குட்டி தேவதை கைல வயலின், மூணே தந்தி. ஆரம்பகாலத்துல வயலின் செஞ்ச அமாட்டி குடும்பத்தோட வயலின்கள்ல இன்னிக்கு மிஞ்சியிருக்கறதெல்லாம் அதுக்கப்புறம் வந்ததுதான், அதனால வயலினோட ஆரம்பக் கதைக்கு இந்த மாதிரி படங்கள்தான் சாட்சி. சரி நம்பலாம்னு பாத்தா, அதே மனுஷன் சில வருஷம் கழிச்சு சரொன்னோ ஊர் சர்ச் கூரை முழுக்க தேவதைகளா நிரப்பி, நிஜ வாத்தியங்களுக்கு நடுவுல யாராலயும் வாசிக்கவே முடியாத சிலதையும் கற்பனையா செருகி வெச்சிருக்காரு. எது பாத்து வரைஞ்சது, எது இடத்த நிரப்பறதுக்கு வரைஞ்சதுன்னு ஒவ்வொண்ணா பிரிக்கணும். தேவதைக்கு ஃபிங்கரிங், அதான் விரல் வெக்கற முறை, தேவையில்லன்னு விட்டுட்டாரோ என்னவோ.

நானும் ஒரு தடவை நல்லா ஏமாந்தேன். அச்சுப் படம் ஒண்ணுல லூட் வாசிக்கறவர் இடது கையால மீட்டிட்டிருந்தாரு, அந்தக் காலத்துலயே இடதுகைக்காரங்களுக்குத் தனியா லூட் பண்ணிருக்காங்கன்னு நண்பர்கள்ட்டல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். அப்புறம்தான் உறைச்சுது, தகட்டுல செதுக்கினது பேப்பர்ல இறங்கும்போது கண்ணாடி மாதிரி திரும்பிடும். படத்த மறுபடி பாத்தா பக்கத்துல நிக்கறவரோட கத்தியும் வலது இடுப்புல தொங்குது, வலதுகைக்காரன் இடது இடுப்புலதான கட்டுவான். இப்பல்லாம் அச்சுப் படம்னா பிருடைக்கு முன்னாடி கத்தியத்தான் தேடறேன்.